தலைவலி மாத்திரைக்கு வந்தவர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் முதலுதவி அறையில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஊசி ஏறிய விரல், மயக்கம், மாதவிடாய் வலி, தலைவலி என்றே என் பதிவேடு நிரம்பும். செக்கிங் பிரிவில் வேலை செய்த நாற்பத்தாறு வயது அக்கா ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று முறை தலைவலி மாத்திரை வாங்கியிருந்தது அதில் பதிவாகியிருந்தும் நான் கவனிக்கவில்லை. நான்காம் முறை வந்தவர், மாத்திரையை வாங்கிய பின்பும் நகரவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே, இடது மார்பில் ஏழு மாதமாக ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார்.

"வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பனுங்க சிஸ்டர். அது பாட்டுக்கு இருந்துச்சு."

மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மைதான். ஆனால் எது எது என்பதை ஸ்கேனும் திசுப் பரிசோதனையும்தான் சொல்ல முடியும். அவருக்கு அது புற்றுநோயாகவே இருந்தது.

அதற்கு முந்தைய அக்டோபரில் கேன்டீனில் நாங்கள் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியிருந்தோம். அனைவருக்கும் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திவிட்டு, அறிகுறிகளை நான் வாசித்தேன். வாசலில் ஆண் சூப்பர்வைசர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அந்த அக்கா அன்று மூன்றாவது வரிசையில், கட்டியோடுதான் உட்கார்ந்திருந்தார்.

பிறகுதான் ஷாங்காய் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அங்கும் துணி ஆலைப் பெண்கள்தாம், சுமார் 2,66,000 பேர். அவர்களில் ஒரு பாதிக்குச் சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்து, ஆண்டுக்கணக்கில் நினைவூட்டியும், மரணங்கள் குறையவில்லை என்று 2002இல் முடிவு வெளியானது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்விலோ, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தபோது நோய் இன்னும் முற்றாத நிலையிலேயே பிடிபட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்ததாக 2021இல் வெளியிட்டார்கள். தன் உடலின் இயல்பை அறிந்திருப்பது வேண்டியதுதான். அதில் மாற்றம் தெரிந்த அன்றே பழகிய கை ஒன்றிடம் காட்ட வழியில்லையென்றால் அந்த அறிவு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது கேன்டீன் கூட்டம் கிடையாது. என் அறையிலேயே திரைச்சீலை கட்டி, பெண் மருத்துவரை வரவழைக்கிறோம். செக்கிங் பெண்களுக்கு நான் விளக்கவே வேண்டியிருப்பதில்லை. துணியில் விழுந்த முடிச்சை விரல் நுனியால் குத்திப் பார்க்காமல், நடு மூன்று விரல்களைப் பட்டையாக வைத்துத் தடவியே கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். மார்பையும் அக்குள் வரை, காறை எலும்பு வரை அப்படித்தான் பார்க்க வேண்டும். காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் போலக் குழிவிழுதல் ஆகியவற்றையும் சொல்லிவைக்கிறேன்.

"வராம இருக்க என்ன செய்யறதுங்க?" என்று கேட்பார்கள். தாய்ப்பால் கொடுத்தல், மாதவிடாய் நின்ற பின் எடை கூடாமல் பார்த்துக்கொள்ளல், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடத்தல், மதுவைத் தவிர்த்தல் ஆகியவை அபாயத்தைக் குறைக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியையும் 2007லேயே புற்றுநோய் தரக்கூடியவை என்ற ஐயப் பட்டியலில் சேர்த்திருப்பதை நிர்வாகத்திடம் நான் சொல்வதுண்டு. அங்கு அது இனிப்பதில்லை. ஆனால் பெண்ணாய்ப் பிறந்ததும் வயது ஏறுவதுமே பெரிய காரணங்கள் என்பதால், நோய் வந்தவரிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

அந்த அக்காவை மருத்துவமனைக்குக் கிளப்பியது இந்த விளக்கங்கள் எதுவும் அல்ல. "லீவு போட்டா சம்பளம்?" என்பதே அவருடைய முதல் கேள்வி. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதமும், புற்றுநோய் போன்ற நெடுநோய்க்கு, போதிய காலம் சந்தா கட்டியிருந்தால், இரண்டு ஆண்டு வரை 80 சதவீதமும் கிடைக்கும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, மறுநாளே போனார். அறுவையும் கீமோவும் முடிந்து, இப்போது உட்கார்ந்து செய்யும் வேலையில் இருக்கிறார்.

தலைவலி என்று யார் வந்தாலும் இப்போது நான் முதலில் திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன். மாத்திரை டப்பாவை அதற்குப் பிறகே திறக்கிறேன்.