சேர் சொன்னவர் எண்டா காணாது

எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தா எண்டு செயலாளர் அண்ணா மூண்டு மாசமா நச்சரிக்கிறார். கிரிக்கெட் மச், பிரின்சிப்பலிட்ட வாங்கின அடி எல்லாம் மற்றவை எழுதுவினம், நான் அங்க படிச்சது 95 யாழ்ப்பாண இடப்பெயர்வு வரைக்கும்தான், அதால பிறகு கம்பஸில பட்ட ஒரு வெக்கக்கேட்டை எழுதுறன், அதுக்கும் எங்கட பள்ளிக்கூடத்துக்கும் தொடர்பு இருக்கு.

எங்கட வகுப்பில விஞ்ஞானம் எண்டா சேர் நோட்ஸ் சொல்லுவார், நாங்கள் எழுதுவம். ராவில ஜாம்போத்தில் விளக்கைக் கொளுத்தி வைச்சு அதைப் பாடமாக்கினாச் சரி. புத்தக அலுமாரி பூட்டித்தான் கிடக்கும், திறப்பு ஆரிட்ட எண்டு கடைசி வரைக்கும் தெரியாது. சேர் சொன்னவர் எண்டா அதுக்கு மேல அப்பீல் இல்லை. சேரைக் குறை சொல்லேல்லை, பொருளாதாரத் தடைக்குள்ள அந்த மனுசன் சைக்கிள் உழக்கி வந்து படிப்பிச்சதே பெரிய விசயம்.

பிறகு அப்பாவுக்குத் தென்னாபிரிக்காவில உம்டாட்டா எண்ட ஊரில கணக்கு வாத்தியார் வேலை கிடைச்சு (ட்ரான்ஸ்கைப் பக்கம் எங்கட ஆக்கள் கனபேர் படிப்பிச்சவை) நாங்களும் பின்னால போய், 2000ஆம் ஆண்டு நான் டேர்பனில நாட்டால் பல்கலைக்கழகத்தில முதலாம் வருசம். 2004இல டேர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தோட சேர்த்து இப்ப அதுக்குப் பேர் குவாசூலு-நாட்டால்.

மே மாசம் ஒரு அசைன்மென்ட், தாயிட்ட இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொத்தாமத் தடுக்கிறது எப்பிடி, ஆதாரத்தோட எழுதோணும். யாகூவில தேடி முதல் வந்த சைட்டை 14 பக்கம் பிறின்ற் எடுத்தன். எச்.ஐ.வி.யால எயிட்ஸ் வாறேல்லை, குடுக்கிற மருந்துதான் நஞ்சு எண்டு கிடந்தது. அதுக்கு ஆதாரமாக் காட்டியிருந்த ஆள் பீட்டர் டியூஸ்பெர்க், பெர்க்லி பேராசிரியர், அமெரிக்க தேசிய விஞ்ஞான அக்கடமி அங்கத்தவர். போதாததுக்கு நாட்டு சனாதிபதி தாபோ எம்பெக்கியே அந்தக் கதையள் உண்மையோ எண்டு பாக்க ஒரு ஆலோசனைக் குழு போட்டு டியூஸ்பெர்க்கையும் கூப்பிட்டிருந்தவர். என்ர கணக்கில அவை ரெண்டு பெரிய சேர்மார், பிறகென்ன, அப்பிடியே இறக்கிக் குடுத்தன்.

கட்டுரை மார்க்ஸ் இல்லாமத் திரும்பி வந்தது. மேல பென்சிலால ஒரு வரி: இதை வேற ஆராவது சோதிச்சுப் பாத்தவையா, லைப்ரரிக்குப் போ.

லைப்ரரியில ஒரு அக்கா, டேர்பனில இந்திய வம்சாவளி ஆக்கள் இருக்கிற சாட்ஸ்வேர்த்காரி, நாலாம் தலைமுறைத் தமிழ். கோயில்ல பாடுற தேவாரத்தை விட்டா தமிழ் வாய்க்கு வராது, கதைக்கிறது இங்கிலீஷ், ஆனா என்னைத் தம்பி எண்டுதான் கூப்பிடுவா. 14 பக்கத்தையும் பிரட்டிப் பாத்தா, திட்டேல்லை. இந்த ஆள் சும்மா ஆளில்லை, ரெட்ரோவைரஸ் (எச்.ஐ.வி.யும் அந்த இனக் கிருமிதான்) ஆராய்ச்சியில பேர் எடுத்தவர், 1987இல கான்சர் ரிசேர்ச் எண்ட நல்ல சஞ்சிகையிலதான் இதைத் தொடங்கினவர் எண்டா. எனக்குக் குழம்பிப் போச்சு, அப்ப சரிதானே? வா எண்டு கீழ் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் செங்கல்லு மாதிரித் தடிச்ச புத்தகங்களை இறக்கி வைச்சா, சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ், எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. கட்டுரைக்குக் கீழ இருக்கிற பட்டியல் முன்னம் வந்ததைத்தான் காட்டும், இது மற்றப்பக்கம், ஒரு கட்டுரை வந்தாப்பிறகு அதை ஆர் ஆர் எடுத்துக் காட்டினவை எண்டு வருசம் வருசமாச் சொல்லும். அடிமட்டத்தை வரிக்குக் கீழ வைச்சுக்கொண்டு கண் எரியப் பாத்தன்.

அப்பிடித் தேடிக்கொண்டு போகேக்க அகப்பட்டதுதான் 1995ஆம் ஆண்டு நேச்சர் எண்ட விஞ்ஞான சஞ்சிகையில வந்த ஒரு கட்டுரை. பிரிட்டனில ஹீமோபிலியா, அதாவது ரத்தம் லேசில உறையாத வருத்தக்காரர் 6,278 பேர். அதில 1,227 பேருக்கு, மற்றாக்களின்ர ரத்தத்தில இருந்து செய்து ஏத்தின மருந்தாலயே எச்.ஐ.வி. தொத்தினது. வருத்தம் கடுமையான ஆக்களில, கிருமி இல்லாதவை வருசம் ஆயிரத்துக்கு 8 பேர் செத்தவை, முந்தியும் அதே 8தான். கிருமி தொத்தினவையில 1991-92இல அது 81. ஒரே வருத்தம், வித்தியாசம் அந்தக் கிருமி ஒண்டுதான். நிண்ட நிலையில ரெண்டு தரம் வாசிச்சன்.

பிறகு பப்மெட் எண்ட, மருத்துவக் கட்டுரையள் தேடுற சைட்டில தேடப் பழக்கினா, அது 1997இல இருந்து எல்லாருக்கும் இலவசம். அதில உகண்டாவில செய்த ஆய்வு வந்தது, 1999 செப்டெம்பர் லான்செட் மருத்துவ சஞ்சிகை. பிள்ளைப் பேற்று நேரம் தாய்க்கு நெவிரப்பின் எண்ட எச்.ஐ.வி. மருந்தில ஒரு குளிசை, பிறந்து மூண்டு நாளுக்குள்ள பிள்ளைக்கு ஒருக்கா, அவ்வளவுதான். ஏ.இசெட்.ரி. எண்ட மற்ற எச்.ஐ.வி. மருந்து குடுத்த பக்கம் 25.1 வீதப் பிள்ளையளுக்குத் தொத்தினது, இந்தப் பக்கம் 13.1. நான் சுருக்கத்தை மட்டும் பிறின்ற் எடுத்துக்கொண்டு வெளிக்கிட, அக்கா சட்டையில பிடிச்சு இழுக்காத குறை, எத்தினை பேர், எப்பிடிப் பிரிச்சவை, எத்தினையாவது கிழமையில ரெஸ்ட் பண்ணினவை எண்டு முழுக் கட்டுரையையும் வாசிச்சுச் சொல்லச் சொன்னா.

யூலையில டேர்பனிலதான் உலக எயிட்ஸ் மாநாடு. அதுக்குக் கொஞ்சம் முன்னம் 5,000க்கு மேற்பட்ட விஞ்ஞானியள் எயிட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தான் எண்டு கையெழுத்து வைச்ச டேர்பன் பிரகடனம் நேச்சரில வந்தது, கொம்பனியளில வேலை செய்யிற விஞ்ஞானியளைக் கையெழுத்து வைக்க வேண்டாம் எண்டு கேட்டவையாம். கிங்ஸ்மீட் மைதானத்தில எச்.ஐ.வி.யோட பிறந்த 11 வயசுப் பெடியன் என்கோசி ஜோன்சன் மேடையில நிண்டு கதைச்சதை ரீவியில பாத்தன். அடுத்த வருசம் அவன் இல்லை. தென்னாபிரிக்க அரசாங்கம் எச்.ஐ.வி. மருந்து குடுக்கப் பிந்தினதால 2000இல இருந்து 2005க்குள்ள 330,000 பேருக்கு மேல செத்திருப்பினம் எண்டு ஹார்வர்ட் ஆக்கள் 2008இல கணக்குப் போட்டவை. என்ர 14 பக்கத்தால ஒரு அசைன்மென்ட் மட்டும்தான் போனது.

திருப்பி எழுதினதுக்கு 58 மார்க்ஸ். அதைக் காட்டப் போன நாள் அக்கா ஒரு பழைய புத்தகத்தைத் தூக்கி வைச்சா, அவவின்ர ஆயாவின்ர தேவாரப் புத்தகம், தமிழை இங்கிலீஷ் எழுத்தில அச்சடிச்சது, காவடிக்குப் பாடோணும், இது சரியோ பார் எண்டு. நான் "தோடுடைய செவியன்" தேவாரத்தைப் பாத்துக்கொண்டு பாட, மூண்டாம் அடியில "முனைநாள்" எண்டு கிடந்தது. பிழை அக்கா, "உனைநாள்" எண்டுதான் வரும் எண்டன். உனக்கு எப்பிடித் தெரியும் எண்டா. எங்கட சமயபாட சேர் சொல்லித் தந்தவர் எண்டு சொல்லேக்கயே எனக்கு நாக்கு இழுத்துப் போச்சு, அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா.

வெள்ளவத்தை மாமிக்குக் கடிதம் போட்டு ஒரு தேவாரப் புத்தகம் எடுப்பிச்சன், ரெண்டு மாசம் செண்டது. பிரிச்சா அதிலயும் "முனைநாள்"தான். கொண்டு போய்க் காட்டினன்.

"ஒரு புத்தகம் காணாது தம்பி, இன்னொண்டும் எடுப்பம்" எண்டா அக்கா.