சுக்கானுக்கு மேல் ஒரு கறிவேப்பிலை

டர்பன் பெரியம்மா கொடுத்த கறிவேப்பிலைக் கன்று பிழைத்துக்கொண்டது. அதைப் பற்றி எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால், கன்றைவிட அது நிற்கிற மண்ணைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

சொந்தப் பெரியம்மா இல்லை, கோயிலில் பழக்கமானவர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வீடு. போன ஆகஸ்ட்டில் அங்கே போயிருந்தபோது, தாய்மரத்தின் வேரில் முளைத்த பக்கக்கன்று ஒன்றைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். ப்ளூம்ஃபொன்டெயினில் ஒரு இரவு தங்கி, இரண்டு நாள் காரில் என் காலடியில் வைத்து, நாட்டின் வறண்ட வடமேற்கில் இருக்கிற அப்பிங்டனுக்குக் கொண்டு வந்தேன்.

இங்கே வந்து மூன்று வருடமாகிறது. கணவருக்குச் சூரிய மின் நிலையங்களில் சிவில் வேலை. நான் கல்யாணத்துக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். அதனால் புது ஊரில் எனக்கு முதலில் கண்ணில் படுவது மண்தான்.

செப்டம்பரில் பின்கட்டில் குழி தோண்டினோம். மேலே ஒரு சாண் செம்மணல், அதோடு கலந்து கூழாங்கல். அதற்குக் கீழே கல்தான் அதிகம், மண் குறைவு. ஒன்றரை அடியில் கடப்பாறை ‘ணங்’கென்று எகிறியது. கையால் துடைத்துப் பார்த்தேன். வெள்ளையும் வெளிர் ரோஜா நிறமும் கலந்த பாறை.

எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் கரிசலுக்கு அடியில் கிணறு வெட்டும்போது வருமே, அதே சுக்கான். காளவாயில் போட்டு நீற்றினால் சுண்ணாம்பாகிற கல். இங்கே இதைக் கால்க்ரீட் என்கிறார்கள். ஆஃப்ரிகான்ஸ் பேசும் பக்கத்து வீட்டுப் பெரியவர் கால்க்பாங்க் என்றார், சுண்ணாம்புத் திட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கடல் தாண்டி வந்து, கரிசல் இல்லாத ஊரில், அந்தக் கல்லை மறுபடி கையில் பிடித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

குழியிலிருந்து எடுத்த கூழாங்கல் ஒன்று இப்போதும் ஜன்னலோரம் இருக்கிறது. கோழிமுட்டை அளவு. மேல்பக்கம் பழுப்பு நிறத்தில் வழவழவென்று இருக்கும். புரட்டினால் அடியில் மட்டும் வெள்ளையாக ஒரு அப்பு, உப்புத்தண்ணீர் கொதித்து வற்றிய கெட்டிலின் அடிபோல. நகத்தால் சுரண்டினால் வராது. இரண்டு சொட்டு வினிகர் விட்டு, காதருகே வைத்துக் கேட்டால் ‘சொர்ர்’ என்று மெல்லிய சத்தம் வரும். ஆய்வுக்கூடத்தில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவோம், அது நன்றாக நுரைத்துப் பொங்கும்.

அடியில் மட்டும் ஏன் வெள்ளை? மழைத் தண்ணீர் காற்றிலிருந்தும் வேர்களிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு, மண்ணிலும் காற்றில் வந்து விழும் தூசியிலும் இருக்கிற சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் டர்பனில் அது அப்படியே அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே பெரியா மேட்டுச் செம்மணலில் சுண்ணாம்பு மிஞ்சவில்லை. அப்பிங்டனில் 200 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை, வெயிலோ கோடையில் 40 டிகிரியைத் தொடும். தண்ணீர் பாதி வழியிலேயே காய்ந்துவிடும். கல்லின் அடியில் தொங்கும் கடைசிச் சொட்டும் அங்கேயே உலர்ந்து, கொண்டுவந்த சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிடும். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள். ஒரு இடத்தில் கற்களின் வெள்ளைப் பக்கம் மேலே பார்த்துக் கிடந்தால், அந்த மண்ணை ஏதோ ஒன்று எப்போதோ கிளறியிருக்கிறது என்று அர்த்தம்.

1966-ல் நியூ மெக்சிகோவின் பாலை மண்ணில் வேலை செய்த கைல், பீட்டர்சன், கிராஸ்மன் மூவரும் இந்த வளர்ச்சியை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதலில் கல்லடியில் பூச்சு. அப்புறம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நிரம்புவது. மூன்றாவது, இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொள்வது. நான்காவது, அடைத்த பரப்பின் மேல் தண்ணீர் தேங்கித் தேங்கி, அடுக்கடுக்காக ஒரு தகடு படிவது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கல் நிறைந்த மண்ணில்தான் இது சீக்கிரம் நடக்கும் என்பது. இடத்தைக் கல் அடைத்துக்கொள்வதால் நிரப்ப வேண்டிய இண்டு இடுக்கு குறைவு.

தென்னாப்பிரிக்காவில் மண் வகைகளுக்கு ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். செம்மணலுக்கு அடியில் இளகிய சுண்ணாம்பு இருந்தால் கிம்பர்லி. அதே செம்மணலுக்கு அடியில் கெட்டிப் பாறை என்றால் ப்ளூயிஸ்பர்க். உலக வகைப்பாட்டில் இந்தச் சுண்ணாம்பு மண்களைக் கால்சிசால் என்பார்கள். எனக்கு ஊர்ப் பெயர்தான் பிடித்திருக்கிறது. என் பின்கட்டு ப்ளூயிஸ்பர்க்.

சரி, கன்றுக்கு வருகிறேன்.

டிசம்பரில் கொழுந்தெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எலுமிச்சை மஞ்சள். பெரியம்மாவுக்குப் படம் அனுப்பினேன். “தண்ணி ஊத்துறியா கண்ணு? சாப்பாடு போடு அதுக்கு” என்றார். அவர் மண்ணுக்கு அது சரியான யோசனை. நானும் வெயிலைப் பார்த்துப் பயந்து தினமும் தண்ணீர் ஊற்றினேன், யூரியாவும் தூவினேன். இரண்டும் தவறு. ஒன்றரை அடியில் பாறை இருக்கும்போது ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? குழி தொட்டிபோல நின்றுவிட்டது. சுண்ணாம்பு மண்ணில் தண்ணீர் தேங்கினால் பைகார்பனேட் ஏறும், வேருக்கு இரும்பு இன்னும் எட்டாமல் போகும். யூரியாவை இந்த மண்ணின் மேலே தூவினால் அதில் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். இதெல்லாம் தெரிந்த நானே பதற்றத்தில் செய்தேன் என்பது இன்னும் வலிக்கிறது. நான்கு கிளையில் இரண்டு காய்ந்துவிட்டது.

இந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மணலின் சிவப்பே இரும்புதான். ஆனால் மண்ணின் புளிப்பு-கார அளவான பி.எச். 8-க்கு மேல் போனால் அது கரையாது, செடிக்கு எட்டாது. துத்தநாகமும் அப்படித்தான். மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் நான் தண்ணீரை வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைத்தேன். கணவர் துளையிடும் கருவி கொண்டுவந்து, பாறை தகடாக இருந்த இடத்தில் மூன்று துளை போட்டுத் தந்தார், தண்ணீர் இறங்கியது. இரும்புக்கு, இரும்பைப் பிடித்து வைத்துச் செடிக்குக் கொடுக்கிற சாதாரண ஈ.டி.டி.ஏ. கூட்டு வாங்கவில்லை, அது இவ்வளவு கார மண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. என்று கேட்டு வாங்க வேண்டும், விலை அதிகம். வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போலச் சிவக்கும். அதை வேரடியில் ஊற்றினேன். மூன்றாவது வாரம் வந்த கொழுந்து பச்சை.

நல்ல மண்ணைக் கொட்டி மேடை கட்டி அதில் நட்டிருக்கலாமே என்று கேட்டார்கள். கட்டலாம். ஆனால் இந்த மண்ணைத் தரிசு, ஒன்றுக்கும் ஆகாதது என்று சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஆரஞ்சு ஆற்றங்கரையில் கேய்மூஸ், ககாமாஸ் வரைக்கும் திராட்சை நிற்கிறது, இந்த நாட்டின் உலர்திராட்சை பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் விளைவதுதான். ஆற்றோர வண்டல் போக, மேட்டு நிலத்தில் சுண்ணாம்புப் பாறையை ரிப்பர் என்ற ஆழக் கலப்பையால் கிழித்துத்தான் கொடி வைக்கிறார்கள். ருஜெரி 140, பால்சன் 1103 மாதிரிச் சுண்ணாம்பைத் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவார்கள். வால்ஹார்ட்ஸ் பக்கம் பீக்கன் மரங்களுக்கு இலைமேல் துத்தநாகம் தெளிக்கிறார்கள், மண்ணில் போட்டால் மண்ணே வைத்துக்கொள்ளும்.

நடவு செய்யாத நிலத்தில் டார்பர் இனச் செம்மறி ஆடு மேய்கிறது. சுண்ணாம்பு நிறைந்த மேய்ச்சலில் மணிச்சத்து குறைவு என்பதை ஒரு பெரிய நோய்தான் இங்கே காட்டிக்கொடுத்தது. ஃப்ரைபர்க் அருகே ஆர்மூட்ஸ்ஃப்ளாக்டேயில், சுமார் 100 வருடத்துக்கு முன்னால், மாடுகள் கால் மடங்கி விழுந்து செத்தன. கால்நடை மருத்துவர் ஆர்னல்ட் தைலரின் குழு கண்டுபிடித்தது இதுதான்: மணிச்சத்துக்கு ஏங்கிய மாடுகள் செத்த விலங்கின் எலும்பைக் கடிக்க, அதிலிருந்த பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நஞ்சு உள்ளே போயிருக்கிறது. எலும்புத்தூள் தீவனமாகக் கொடுத்ததும் எலும்பைத் தேடுவது குறைந்தது.

இதே சுக்கான்தான் சாலைக்கும் போகிறது. இந்தப் பக்கத்துச் சாலைகளின் ஓரத்தில் வெள்ளைக் குழிகள் தெரியும், அடித்தளத்துக்கு அங்கேதான் வெட்டுவார்கள். ஃபிராங்க் நெட்டர்பெர்க் 1969-ல் இதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்து ஆராய்ந்தார். கால்க்ரீட் நனைந்து, இறுகி, காய்ந்தால் தன்னாலேயே பிடித்துக்கொள்ளும். ஆனால் உப்பு கலந்திருந்தால் மேலே போட்ட தார் கொப்பளித்து உரியும், அதனால் உப்பைச் சோதிக்காமல் போடக்கூடாது. என் கணவருக்கோ இது இன்னொரு தலைவலி. சோலார் தகடுகளின் கம்பத்தை அடித்து இறக்க முடியாது, முன்கூட்டியே துளை போட வேண்டும். ஒரே தளத்தில் பத்தடி தள்ளினால் பாறை இரண்டு அடி கீழே போயிருக்கும். அதனால்தான் அவரும் சரி, நானும் சரி, யார் கேட்டாலும் முதலில் சொல்வது, ஒரு குழி தோண்டிப் பாருங்கள். செடி, உரம், கம்பம் எல்லாம் அப்புறம்.

போன சனிக்கிழமை பெரியம்மாவுக்குக் கறிவேப்பிலைப் படம் அனுப்பினேன். பதினொரு ஈர்க்கு, எல்லாம் பச்சை. “இப்ப பறிக்காத, இன்னும் ஒரு வருஷம் விடு” என்று பதில் வந்தது. விட்டிருக்கிறேன். நேற்று முருங்கைக்காக, முதல் குழியிலிருந்து நாலு தப்படி தள்ளி இரண்டாவது குழி தோண்டினோம். பாறை இரண்டரை அடியில்தான் வந்தது, அதுவும் இளகிய வெள்ளை, கடப்பாறை முனையில் மாவாக ஒட்டிக்கொண்டு வந்தது.