வார்ன் போன ராத்திரி

2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. மொகாலியில் கோலிக்கு 100-வது டெஸ்ட். ரிஷப் பந்த் 96-ல் போல்டாகிவிட்டாரே என்று சாயங்காலம் வரை புலம்பிக்கொண்டிருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் பழைய டென்னிஸ் பால் டீம் நண்பன் ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி: 'வார்ன் போயிட்டான்டா.' ஆஸ்திரேலிய ஸ்பின்னர் ஷேன் வார்ன். நான் நம்பவில்லை. அன்று காலைதான் பழைய ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் இறந்த செய்தி வந்திருந்தது, பெயரை மாற்றிச் சொல்கிறான் என்று நினைத்தேன். மார்ஷுக்கு இரங்கல் தெரிவித்து ட்விட்டரில் எழுதியதே வார்ன்தானே, அவர் எப்படி?

டிவியைப் போட்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே பந்து. 1993, ஓல்ட் டிராஃபோர்டு, வார்ன் வீச ஆடுவது இங்கிலாந்தின் மைக் கேட்டிங். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி ஆஃப் ஸ்டம்பைத் தட்டிவிட்டுப் போகும், கேட்டிங் குழம்பி நிற்பார், மறுபடி முதலிலிருந்து. பின்னால் சோக வயலின் வேறு.

தெரிந்த விஷயம் மொத்தமே நாலு வரி. வயது 52, தாய்லாந்தில் கோ சமுய் தீவு, நண்பர்களோடு விடுமுறை, மாரடைப்பாக இருக்கலாம். இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு விடியும்வரை ஓட்ட வேண்டும். மாவு கொஞ்சம், தோசை நிறைய வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர்தான் எனக்கு எரிச்சல். வார்னைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை, 708 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனுஷன், அவரைப் பார்த்துத்தான் நான் மொட்டை மாடியில் மணிக்கட்டை முறுக்கி முறுக்கி வலி வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்த கவாஸ்கர் விவகாரம். ஒரு சேனலில் அவரிடம், வார்ன்தான் எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்த ஸ்பின்னரா என்று கேட்டார்கள். அவர் இல்லை என்றார், முரளிதரனும் இந்திய ஸ்பின்னர்களும் அவரைவிட மேல் என்றார். கிரிக்கெட் வாதமாக எடுத்துக்கொண்டால் அதில் ஒன்றும் தப்பில்லை, டீக்கடையில் பேசினால் நானும் முரளி பக்கம்தான் நிற்பேன். ஆனால் செத்த வீட்டில் போய் ரேங்க் கார்டு கேட்பார்களா? உலகம் முழுக்க திட்டு கவாஸ்கருக்கு. சில நாள் கழித்து அவரே, அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது, நானும் பதில் சொல்லியிருக்கக் கூடாது, ஒப்பிடுவதற்கு அது நேரமில்லை என்று விளக்கம் கொடுத்தார். கேள்வி கேட்டவர் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

அடுத்த இரண்டு மூன்று நாள் இதைவிட மோசம். தாய்லாந்து போலீஸ், அறையில் தரையிலும் துண்டுகளிலும் ரத்தம் இருந்தது என்று சொன்னது, உயிரைக் காப்பாற்ற நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தபோது வந்த ரத்தம் அது என்றும் சேர்த்தே சொன்னது. பல தலைப்புகளில் முதல் பாதி மட்டும் கொட்டை எழுத்தில் வந்தது. கண்காணிப்பு கேமராவில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று படம் படமாகப் போட்டார்கள். மூன்று நாளில் பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது, இயற்கை மரணம்தான். இருந்தும் மூன்று வருடம் கழித்து, 2025-ல், அந்த அறையில் என்ன இருந்தது என்று இன்னொரு சுற்று ஆரம்பித்தார்கள். மூன்று பிள்ளைகளும் அவரைப் பெற்றவர்களும் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்திருப்பார்களே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லையா?

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2020 ஜனவரியில் அமெரிக்க கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது, எல்லாக் குடும்பத்துக்கும் முறையாகச் சொல்லி முடிக்கும் முன்பே ஒரு இணையதளம் செய்தியைப் போட்டுவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் ஷெரிஃப் கேமரா முன்னால் நின்றே அதைக் கண்டித்தார். கோபியின் நாலு மகள்களும் உள்ளே இருந்தார்கள் என்று ஒரு நிருபர் நேரலையில் தவறாகச் சொன்னார். உண்மையில் இருந்தது ஒரு மகள், 13 வயது ஜியானா. இறந்தது ஒன்பது பேர், இரண்டு பேர் பெயர்தான் ஊருக்குத் தெரியும்.

ராட் மார்ஷுக்கு வருகிறேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்து, 74 வயதில் போனார். 96 டெஸ்ட், 355 பேரை அவுட்டாக்கிய கீப்பர். அதே டீமில் வேகப்பந்து வீசிய டெனிஸ் லில்லி எடுத்த டெஸ்ட் விக்கெட்டும் சரியாக 355, யாரோ உட்கார்ந்து எழுதிய கதை மாதிரி. லில்லி வீசி மார்ஷ் பிடித்தது மட்டும் 95. இதை வைத்தே ஒரு மணி நேர நிகழ்ச்சி செய்யலாம். வார்ன் செய்தி வந்ததும் மார்ஷ் திரையின் அடியில் ஓடும் வரிக்குப் போய்விட்டார், ராத்திரி பத்து மணிக்கு அங்கேயும் காணோம்.

அந்த ஓடும் வரியில்தான் பெஷாவரும் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் ஒரு ஷியா மசூதியில் தற்கொலைக் குண்டு, 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதே நாள், அதே பாகிஸ்தானில், ராவல்பிண்டியில் ஆஸ்திரேலியா டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது, 1998-க்குப் பிறகு அங்கே அவர்களுடைய முதல் டூர், இமாம் உல் ஹக் நாள் முடிவில் 132 நாட் அவுட். அந்த ஸ்கோர் அன்றே எனக்குத் தெரியும். குண்டு வெடித்தது மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்தது, கண்ணுக்கு முன்னால் திரையில் ஓடியும். சேனலை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை, ரிமோட் என் கையில்தான் இருந்தது.

பதினொன்றரை மணிக்கு டிவியை அணைத்துவிட்டு யூடியூபில் 2006 அடிலெய்டு டெஸ்டைத் தேடிப் போட்டேன், ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஆடியது. முதல் இன்னிங்ஸில் 551 அடித்து டிக்ளேர் செய்த இங்கிலாந்து, கடைசி நாள் டிரா செய்தால் போதும் என்று இறங்குகிறது. 69-க்கு 1, அங்கிருந்து 129 ஆல் அவுட். வார்ன் 32 ஓவர், 49 ரன், 4 விக்கெட். அவர் வித்தை ஒரு பந்தில் இல்லை. ஓவர் ஓவராக ஒரே இடத்தில் போட்டு, நடுவில் நின்று ஃபீல்டரை நாலடி நகர்த்தி, கன்னத்தை உப்பி, மறுபடி அதே இடத்தில் போடுவார். அன்றைக்கு எந்தச் சேனலாவது இதை முழுசாகப் போட்டிருந்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பேன், ஒருவரும் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் நல்லது.

இங்கிலாந்துக்கு முதல் இன்னிங்ஸில் 158 அடித்த பீட்டர்சன் ஸ்வீப் ஆடக் குனிகிறார். பந்து காலுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய் ஸ்டம்பைத் தட்டுகிறது. அந்த இடத்தை மட்டும் நாலு தடவை பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், வயலின் இல்லாமல்.