"எனக்குப் பேச வராதுங்க"

"எனக்குப் பேச வராதுங்க, வேற யாரையாச்சும் கேளுங்க." பாலக்காடு எல்லையில் ஒரு சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரித்த ஏழு வருடத்தில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். பையிலிருந்து ரெக்கார்டரை எடுப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னவர்கள்தான் பெரும்பாலும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

எங்கள் பகுதி சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேன்பதி. ரேஷன் கார்டு கேரளத்துடையது, வீட்டில் பேசுவது தமிழ், சந்தைக்குப் பொள்ளாச்சி. தென்மேற்குப் பருவமழையில் கேரளம் முழுக்க நனையும்போது எங்களுக்குச் சாரலோடு சரி. 1970இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். அந்த எண் எங்கள் ஊர் டீக்கடையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்பது பெண்கள்தான்.

சமுதாய வானொலிக்கு 100 வாட் திறன்தான் அனுமதி, கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்டால் பெரிய விஷயம். பயிற்சியின் முதல் நாள் எங்களுக்குச் சொன்னது, 1995இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்த கதை. 2006இல்தான் தொண்டு நிறுவனங்களும் நிலையம் நடத்தலாம் என்று கொள்கை மாறியது. பேச வராது என்று கையை விரிக்கும் அக்காக்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: "கிணத்தடி மாதிரி, இது உங்களுக்கும் சேர்ந்ததுங்க."

ஆனால் முதல் வருடம் ஒரு தப்பு செய்தேன். வடகரப்பதிப் பக்கம் ஓர் அக்கா தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினார். "மெம்பரைக் கேட்டா 'நோக்காம் நோக்காம்'னாருங்க. நோக்கி நோக்கியே மூணு வேனல் போச்சு" என்றார். எனக்கு அப்போது நல்ல தமிழில் ஒலிபரப்ப வேண்டும் என்ற எண்ணம். 'பார்க்கலாம்' என்றும் 'கோடை' என்றும் மாற்றிச் சொல்லவைத்து மறுபடி பதிவு செய்தேன். மூன்று தடவை. ஒலிபரப்பான அன்று சாயங்காலமே போன் வந்தது.

"அது நானில்ல அம்மிணி. யாரோ டீச்சரம்மா பேசறாப்பல இருக்குது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிரவு பழைய பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். 'நோக்கி நோக்கியே' என்னும் இடத்தில் அவர் மூச்சு விட்ட சத்தம், பின்னால் காலிக்குடம் உரசும் சத்தம், எல்லாம் இருந்தது. அடுத்த வாரம் அதையே அப்படியே போட்டோம். அதற்குப் பிறகு யார் பேச்சையும் நான் திருத்தவில்லை.

அரசியல் செய்திகளை எங்கள் நிலையத்தில் பேசக் கூடாது, அது உரிமத்தின் நிபந்தனை. தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம் பற்றிப் பேசலாம். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பக்கத்திலிருக்கும் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரலில் குளிர்பான ஆலைக்கு எதிராகப் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது முன்னால் நின்ற மயிலம்மா, இரவாளர் பழங்குடிப் பெண். பெருமாட்டி பஞ்சாயத்து 2003இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004இல் ஆலை நின்றது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதைச் சொல்லத் தொடங்கிய பேச்சு அது. ஜனநாயகம் என்ற சொல்லை நிகழ்ச்சியில் நாங்கள் அபூர்வமாகத்தான் சொல்லியிருப்போம்.

கிராமசபையைப் பற்றித் தொடர் நிகழ்ச்சி எடுத்தபோது கேட்ட முதல் கேள்வி, "போன கூட்டத்துல என்ன பேசுனீங்க?" என்பது. பத்துப் பேரில் எட்டுப் பேர், "கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டனுங்க" என்றார்கள். கேரளச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராமசபை கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்காவது வர வேண்டும். ஆட்கள் வருகிறார்கள், உட்கார்கிறார்கள், பேசுவதில்லை. ஏன் என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "காதுக்கு மலையாளம் தெரியும் கண்ணு, வாய்க்குத் தெரியாது."

அப்புறம்தான் 1969ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தை எடுத்துப் படித்தோம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம். சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். மூன்று வாரம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னோம். இதைப் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதே வடகரப்பதி அக்கா அடுத்த கிராமசபையில் எழுந்து, அவருடைய கலப்புப் பேச்சிலேயே லாரிக் கணக்கைக் கேட்டிருக்கிறார். "உன்ற ரெக்கார்டர் எதுக்கால இருக்கறாப்பல நெனச்சுக்கிட்டேன்" என்றார் என்னிடம். குழாய் வரவில்லை. லாரி வரும் கிழமையை மட்டும் எழுதி ஒட்டினார்கள். கிழமை தெரிந்துவிட்டதால் அரைநாள் கூலியை விடாமல் வேலைக்குப் போக முடிந்தது என்று நாலைந்து பெண்கள் சொன்னார்கள்.

துயரத்திலிருந்து மீண்டவர்களின் நிகழ்ச்சி ஒன்றும் செய்தோம். எனக்கு மிகவும் கஷ்டமானது அதுதான். சித்தூர்ப் பக்கம் தென்னங்கள்ளு இறக்கும் ஊர்கள் நிறைய. மரத்திலிருந்து விழுந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த ஒருவரிடம், "எப்படிங்க தாங்கிக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவரும் பேச வராது என்றுதான் தொடங்கியிருந்தார்; இந்தக் கேள்விக்குப் பிறகு முழுதாக அடங்கிப்போனார். முற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, "காலையில எந்திரிச்சா மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"கத்தி தீட்டுவேன்."

மரம் ஏற முடியாத இரண்டு வருடமும், விடிந்ததும் பாளை சீவும் கத்தியைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்லித் தீட்டியிருக்கிறார். மகன் தடுத்துப் பார்த்திருக்கிறான். "துரு ஏறிருச்சுன்னா எனக்கும் ஏறிரும்" என்றார். கள் ஊறப் பாளையைத் தட்டுவது எப்படி என்று கேட்டேன். சொல்லவில்லை. விரல்களை மடக்கி, கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டினார். மெதுவாக, ஒரே சீராக, பாளையைச் சுற்றி வருவதுபோல இடம் மாறி மாறி. ஹெட்ஃபோனில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. நான் எதுவும் கேட்காமல் ஓடவிட்டேன்.

ஒலிபரப்பில் அந்த நாற்பது நொடியை வெட்டாமல் வைத்தோம். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லைக்கு அந்தப் பக்கம், கோபாலபுரத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தபோது தொழிலை விட்டவராம்.

"அந்தத் தட்டு கேட்டு எத்தன வருசமாச்சுங்க. இன்னொருக்கா போடறீங்களா?"

போட்டோம்.