கைமாறாத காசு

முப்பது ஆண்டுகள் பஸ் கண்டக்டராக இருந்தேன். என்னிடம் உள்ள நாணயங்கள் எல்லாம் அந்தத் தோல்பையில் விழுந்தவைதான். இரவு கணக்கு ஒப்படைக்கும் முன் சில்லறையைக் கொட்டிப் புரட்டுவேன். பிடித்ததை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடான காசை என் சட்டைப்பையிலிருந்து போட்டுவிடுவேன். 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் அப்படிக் கிடைத்ததுதான். அதில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது!

பேத்திக்குப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினேன். நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே உள்ள குறி அது அச்சான ஊரைச் சொல்லும்: புள்ளி என்றால் நொய்டா, நட்சத்திரம் ஹைதராபாத், வைரம் மும்பை, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "எனக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும் தாத்தா?" என்றாள்.

பதில் சொல்லத் திணறினேன். 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசா வரை செல்லாமல் போயிற்று. இப்போது பெட்டிக்கடையில்கூட போனை நீட்டுகிறோம். காசு கைமாறினால்தானே கண்ணில் படும்? விலைக்கு வாங்கலாம்தான், எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

ஞாயிறுதோறும் அவளைச் சந்தைக்கு அழைத்துப் போகிறேன். நோட்டுதான் கொடுப்போம். மீதிச் சில்லறையை அவள்தான் உள்ளங்கையில் வாங்கிக்கொள்வாள். போன வாரம் ஒரு புள்ளி, இரண்டு வைரம்.