மிளகாய் ஒரு மாலை வேலை, எலுமிச்சை அப்படியில்லை

தஹீன் என்பது பழத்தில் தூவும் மெக்சிகோ மிளகாய்-எலுமிச்சைப் பொடி. அதன் சீசாவின் பின்பக்கத்தைப் படித்தால் சாமான் பட்டியல் ரொம்பச் சின்னது. மிளகாய், உப்பு, சிட்ரிக் அமிலம், உலர்த்திய எலுமிச்சை, கட்டி பிடிக்காமல் இருக்க சிலிக்கான் டையாக்சைடு. இவ்வளவுதானே, வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். டெக்சஸில் நாங்கள் இருக்கும் பக்கம் மெக்சிகோ மளிகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வற்றல் மிளகாய் வகைவகையாகக் கொட்டிக் கிடக்கும். மிளகாய் பாகம் ஒரே மாலையில் முடிந்தது. எலுமிச்சைப் புளிப்பைத் தூளாக்குவதுதான் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது.

தஹீன் 1985இல் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி. வெராக்ரூஸில் இருக்கும் எல் தஹீன் என்ற பழைய நகரத்தின் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஆனால் பழத்தில் மிளகாய், உப்பு, எலுமிச்சை போட்டுத் தின்பது கம்பெனி கண்டுபிடித்ததில்லை. மெக்சிகோ தெருக்களில் பழவண்டிக்காரர்கள் மாம்பழம், தர்பூசணி, வெள்ளரி, ஹிகமா கிழங்கு எல்லாவற்றையும் நீளத் துண்டாக நறுக்கி, கோப்பையில் செருகி, மேலே எலுமிச்சை பிழிந்து மிளகாய்ப்பொடி தூவித் தருவார்கள். அந்த மூன்றையும் ஒரே சீசாவில் அடைத்ததுதான் கம்பெனியின் சாமர்த்தியம்.

மூன்று வகை வற்றல் மிளகாய் எடுத்தேன். குவாஹியோ நீளமாக, வழுவழுப்பான தோலோடு கருஞ்சிவப்பாக இருக்கும். காரம் கம்மி, நிறமும் மணமும் அதிலிருந்துதான். பாசியா சுருங்கிக் கறுத்து, கிட்டத்தட்ட உலர்திராட்சை வாசம் அடிக்கும். ஆர்போல் மெல்லிசாக, நம் நீட்டு மிளகாய் ஜாடையில் இருக்கும். காரத்துக்கு அது ஒன்றே போதும், அதனால் கொஞ்சமாகத்தான். காம்பைக் கிள்ளி, கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்து, விதையை உதறி, உள்ளே ஓடும் வெளிறிய நரம்பையும் சுரண்டி எடுத்தேன். காரத்தில் பெரும்பங்கு அந்த நரம்பில்தான் இருக்கிறது, விதையில் அல்ல.

வறுக்க மெக்சிகோ வீடுகளில் கோமால் என்ற தட்டைக்கல் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டு இரும்பு தோசைக்கல் அந்த வேலையை மறுபேச்சில்லாமல் செய்தது. கல் மிதமாகக் காய்ந்ததும் மிளகாயைப் போட்டு, கரண்டியால் லேசாக அழுத்தி, ஒரு பக்கத்துக்குச் சில வினாடிதான். தோல் அங்கங்கே உப்பி நிறம் மாறும், வீடு முழுக்க மணக்கும், உடனே எடுத்துவிட வேண்டும். கறுத்த துண்டு ஒன்று சேர்ந்தாலும் மொத்தப் பொடியும் கசக்கும். வறுத்த பிறகும் குவாஹியோ தோல்போல மடங்கியது, ஒடியவில்லை. அவன் (oven) அடுப்பில் மெல்லிய சூட்டில் வைத்து, அப்பளமாக நொறுங்கும்வரை காயவைத்த பிறகுதான் மிக்ஸிக்குப் போனது. விட்டு விட்டு அடித்து, ரவைப் பதத்தில் நிறுத்தினேன். நைசாக அரைத்தால் ஈரப் பழத்தில் பட்டதும் குழம்பாகிவிடும். கொரகொரப்பாக இருந்தால்தான் நாக்கில் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். அரைத்ததும் மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள், தூள் அடங்கட்டும்.

உப்புக் கணக்குக்கு லேபிளே போதும். கால் டீஸ்பூன், அதாவது 1 கிராமில் 190 மில்லிகிராம் சோடியம். உப்பாக மாற்றினால் 480 மில்லிகிராம் சொச்சம். பொடியில் கிட்டத்தட்டப் பாதி உப்பு! பழத்தில் தாராளமாகத் தூவுகிறவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கவனிக்கவும். நான் கொஞ்சம் குறைத்து, சுத்தம் செய்த மிளகாய் மூன்றும் சேர்த்து 46 கிராமுக்குக் கல்லுப்பு 40 கிராம் என்று வைத்தேன்.

சரி, இனி எலுமிச்சை. வாங்கியது மெக்சிகோ எலுமிச்சை. நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையும் அதுவும் ஒரே இனம்தான், வாசனையே சொல்லிவிடும். சாற்றை உப்பில் கலந்து காயவைப்பதுதான் முதல் யோசனை. சாற்றை மட்டும் தனியாக உலர்த்தினால் தூளாகாது, சர்க்கரையும் அமிலமும் சேர்ந்து பாகுபோல் ஒட்டும். உப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். 40 கிராம் உப்பில் 30 மில்லி சாறு ஊற்றி, கண்ணாடித் தட்டில் பரப்பி (அலுமினியத் தட்டு ஆகாது, உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அரித்துவிடும்), அவனின் மிகக் குறைந்த சூடான 77 டிகிரி செல்சியஸில் வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆனது, நடுநடுவே கிளறிவிட்டேன். காய்ந்தது, மணமும் இருந்தது. நாக்கில் வைத்தால் புளிப்பு மட்டும் எங்கோ தூரத்தில்.

கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது. எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் சுமார் 5 முதல் 6 சதவீதம். 30 மில்லியில் 2 கிராம்கூடத் தேறாது. பழத்தில் உறைக்கும் அளவுக்குப் புளிப்பு வேண்டும் என்றால் 6 கிராமாவது வேண்டும். அதற்கு 100 மில்லி சாறு. அவ்வளவு சாறு ஊற்றினால் அதிலேயே 35 கிராம் உப்பு கரைந்துவிடும், தட்டில் மிஞ்சுவது உப்புக் கரைசல். அதையும் காய்ச்சிப் பார்த்தேன். உப்பளத்தில் படிவது போல ஏடு கட்டியது, பெயர்த்து எடுத்தால் பழுப்பு நிறம், வாசனையில் பச்சை எலுமிச்சை காணாமல் போய் வேகவைத்த மணம். கம்பெனிக்காரர்களும் சிட்ரிக் அமிலத்தைத் தனியாகப் போடுவதன் நியாயம் அப்போது புரிந்தது.

எனவே பொறுப்பைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். புளிப்புக்குக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலத் தூள், 6 கிராம். மணத்துக்குத் தோல்: ஆறு பழத்தின் பச்சை மேல்தோலை மட்டும் துருவி, வெள்ளைப் பகுதி படாமல் (அது கசப்பு), தாளில் பரப்பி அறைச் சூட்டிலேயே உலர்த்தினேன். அவனில் வைத்தால் நிறமும் மணமும் சேர்ந்தே போகிறது. 30 மில்லி சாறு ஊறிய உப்பையும் விடவில்லை. அது அடியில் ஒரு ருசி தருகிறது.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சொந்த ஊர் மெக்சிகோவின் குவாதலஹாரா. ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஹிகமா துண்டில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, “காரம் சரி, உப்பு சரி” என்றார். அப்புறம் எழுந்துபோய் அரை எலுமிச்சை எடுத்துவந்து, எல்லாத் துண்டு மேலும் பிழிந்து, பொடியை மறுபடி தூவினார். பொடியில்தான் எலுமிச்சை இருக்கிறதே என்றேன். “சீசா தஹீனுக்கும் இப்படித்தான் பிழிவோம்” என்றார். பிழிந்த துண்டை நானும் தின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி.

ஈரம்தான் இப்போது பாக்கி இருக்கும் தொல்லை. மழை நாளில் சீசாவைத் திறந்து வைத்தால் ஓரத்தில் கட்டி விழுகிறது. சிலிக்கான் டையாக்சைடு வாங்க மனமில்லை. வறுத்த அரிசி கொஞ்சம் துணியில் முடிந்து உள்ளே போட்டிருக்கிறேன், பரவாயில்லை. அடுத்த முறை சாறு ஊறிய உப்பை விட்டுவிட்டு, தோலும் எலுமிச்சை உப்பும் மட்டும் போட்டு ஒரு சின்னப் பங்கு செய்து, இரண்டையும் அதாவுல்ஃபோ மாம்பழத்தில் வைத்து ஒப்பிடப் போகிறேன். எப்படியும் மேலே எலுமிச்சை பிழியத்தான் போகிறோம் என்றால், அந்த இரண்டு மணி நேர அவன் வேலை மிச்சம்.