மே மாதத் தோட்டம்

தக்காளி நாற்றுகள் இன்னும் சமையலறை ஜன்னலோரத்தில்தான் இருக்கின்றன. பகலில் நல்ல வெயில் அடிக்கிறது. ஆனாலும் மே 11, 12, 13 தாண்டாமல் மண்ணில் வைக்கப் போவதில்லை. இங்கே பிரான்சில் இந்த மூன்று நாட்களைப் 'பனிப் புனிதர்கள்' என்பார்கள்: மாமேர், பாங்க்ராஸ், செர்வே. இவர்களின் திருநாட்கள் முடியும்வரை இரவில் உறைபனி விழலாம் என்பது பழைய தோட்டக்காரர்களின் கணக்கு. போன வருடம் அவசரப்பட்டு ஒரு வாரம் முன்பே நட்டேன். ஒரே இரவில் ஒன்பது செடிகளும் கறுத்துச் சுருண்டுவிட்டன. காலையில் பார்த்ததும் மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

முள்ளங்கிக்கு அந்தப் பயமே இல்லை. சிவப்பு உடம்பு, வெள்ளை நுனி, 'பதினெட்டு நாள்' ரகம். என் மண்ணில் நான்கு வாரம் எடுத்தது, பரவாயில்லை. பிடுங்கிக் கழுவி, வெண்ணெய் தடவி, கல்லுப்பு தூவி ரொட்டியோடு பச்சையாகவே சாப்பிடுகிறோம். வெண்ணெய் அந்தக் காரத்தை எவ்வளவு அழகாக அடக்குகிறது! இலையையும் எறியாதீர்கள். உருளைக்கிழங்கோடு வேகவைத்து அரைத்தால் அருமையான சூப்.

ஒசேய் கீரையும் தளதளவென்று வந்திருக்கிறது. நம் புளிச்சக்கீரை வேறு செடி, ஆனால் நாக்குக்கு அதேதான் ஞாபகம் வருகிறது. வெண்ணெயில் போட்டவுடன் பச்சை மங்கிக் குழைந்துவிடும். கொஞ்சம் கிரீம் சேர்த்து மீன் மேல் ஊற்ற வேண்டியதுதான்.

அப்புறம், உழவாரன் குருவிகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்துவிட்டன. நேற்று மாலை கூரைக்கு மேல் ஏழெட்டு கீச்சிட்டுக்கொண்டு வட்டமடித்தன. இருட்டும்வரை வெளியிலேயே நின்றேன்.